ஒரு நாற்காலி குறைவு

அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர். நாற்காலிகள் நான்கு. யார் நின்றது என்று கேட்கவே வேண்டாம். துப்பறியும் நிபுணருக்கு நாற்காலி உண்டு. அவருடைய கொழுந்தனுக்குச் சுவர் உண்டு.

அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பரவாயில்ல தம்பி. நின்னா மூளை சுறுசுறுப்பா வேலை செய்யும்."

"அதுக்கு மூளை வேணுமே அண்ணி. நீங்கதான் என்கிட்ட இல்லன்னு தினமும் சொல்றீங்களே."

எதிரே உட்கார்ந்திருந்த முதலாளியம்மா சிரிக்கவில்லை. லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி அவருடையது. கீழே பட்டறை, மேலே கணினிகள். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒரே கட்டடம், இருபது மாடி. ஒரு மாசத்துல மூணு தடவை, காலை நேரத்துல லிஃப்ட் நடுவழியில நின்னு கதவைத் திறந்து சுவரைக் காட்டியிருக்கு. யாருக்கும் அடி படல. ஆனா மூணாவது தடவை உள்ள ஒரு பல் டாக்டர் மாட்டிக்கிட்டார்."

"மத்தவங்க பயத்துல வாயே திறந்திருக்க மாட்டாங்க" என்றேன்.

அண்ணி செருப்புக் காலால் என் காலை மிதித்தார். நின்றால் இந்த ஒரு வசதிக் குறைவும் உண்டு.

"லிஃப்டை நிறுத்தி வச்சிருக்கோம்" என்று முதலாளியம்மா தொடர்ந்தார். "கட்டடத்துக்காரங்க நாலு மணிக்கு வர்றாங்க. என்ன காரணம், யார் காரணம்னு கேப்பாங்க. பதில் சொல்லணும்."

"யாருன்னுதான் தெரியுமே!" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். அவர்தான் தலைமை எஞ்சினியர். முதலாளியம்மாவின் வீட்டுக்காரரும் அவரே. சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில், சீவிச் சீவி விரல் நீளத்துக்கு வந்திருந்தது. "நான் எழுதின டிரைவர் பதினாலு வருஷமா ஒரு நாள் தகராறு பண்ணினதில்ல. ரெண்டு மாசம் முன்னாடி இந்தப் பொண்ணு கை வச்சா. அதுக்கப்புறம்தான் லிஃப்ட் சுவரைக் காட்டுது. போட்டிக் கம்பெனியில இவளைக் கூப்பிட்டிருக்காங்க. போறதுக்கு முன்னாடி நமக்கு ஆப்பு வச்சுட்டுப் போகப் பாக்கறா."

டிரைவர் என்றதும் நான் ஜன்னல் வழியாக வண்டியைத் தேடினேன் என்பதை அண்ணியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவள் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் நிதானம். எதையும் மூன்று முறை படிக்காமல் அனுப்ப மாட்டாளாம். அவளுக்கு முன்னால் தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதம் இருந்தது. மேலே ஒரு பேனாவையும் தயாராக வைத்திருந்தார்கள்.

"அந்த வேலைக்கு வரலன்னு அப்பவே எழுதிக் கொடுத்துட்டேன் சார்" என்றாள் மெதுவாக.

மணி ஒன்றேகால். அண்ணி எழுந்தார். "நாலு மணி வரைக்கும் அந்தப் பேனாவுக்கு மூடி போட்டு வைங்க" என்றார்.

*

நிதானத்தின் மேஜை, ஜன்னலை ஒட்டி இருந்தது. இரண்டு திரைகள், ஒரு துண்டுத்தாள் கட்டு, மேலே இருபது பொத்தான்களும் இரண்டு விளக்குகளும் கொண்ட ஒரு பலகை. லிஃப்டுக்குள் நாம் அமுக்கும் பொத்தான்களுக்கு மாதிரி அது.

"டிரைவர்னா என்னம்மா? எனக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றார் அண்ணி.

"எனக்கும் புரியற மாதிரி" என்றேன்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "இரும்புக்கும் புரோகிராமுக்கும் நடுவுல நின்னு பேசி வைக்கிறதுதான் டிரைவர். ஜனங்க எந்தெந்த மாடியை அமுக்கினாங்கன்னு மெமரியில வரிசையா எழுதி வைக்கும். எத்தனை பேர் அமுக்குவாங்கன்னு முன்கூட்டித் தெரியாது. அதனால வரிசையோட நீளம் ஒவ்வொரு தடவையும் மாறும்."

"சரி. நீ எதை மாத்தினே?"

"சாரோட பழைய முறையில, வரிசைக்கு நீளம் ஒண்ணுன்னுதான் எழுதியிருக்கும். ஆனா உள்ள எட்டு பேரைக் கூட உட்கார வைப்பாங்க. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க. வாசல்ல 'ஒருத்தர்'னு எழுதிட்டு உள்ள எட்டுப் பேரை விட்டா, காவலாளி யாரை உள்ள விடுவான், யாரைத் தடுப்பான்? அவன் கண்ணை மூடிக்கத்தான் வேணும். நான் அந்தப் பொய்யை எடுத்தேன். நீளம் மாறும்னு வெளிப்படையாச் சொல்லி, இப்ப எத்தனை பேருன்னு பக்கத்துலயே எழுதி வச்சேன். இப்ப அந்த எண்ணைத் தாண்டி யாராவது கை வச்சா காவலாளி பிடிச்சுடுவான்."

"பாதுகாப்பாத்தானே பண்ணியிருக்கே?"

"அதான் அக்கா எனக்கே புரியல." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க வேண்டியது கண்ணாடி அல்ல என்று எங்களுக்குத் தெரிந்தது. "வேலை போனா இன்னொண்ணு கிடைக்கும். ஆனா வேணும்னே கெடுத்தான்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் நான் எழுதற ஒரு வரியைக் கூட எவனும் நம்ப மாட்டான்."

அண்ணி, முதலாளியம்மா கொடுத்திருந்த உறையைப் பிரித்தார். புகார்க் கடிதங்கள் மூன்றையும் விரித்தார். முதல் கடிதத்தில் ஒருவர், தனக்குப் பின்னால் நின்ற ஏழு பேரும் தன்னைத்தான் திட்டினார்கள் என்று புலம்பியிருந்தார். இரண்டாவது கடிதம் ஓர் அம்மாவுடையது. 'எட்டுப் பேர் மட்டும் என்று பலகை சொல்கிறது, நாங்கள் அதற்கு மேல் ஒரு குழந்தையைக் கூட ஏற்றவில்லை' என்று எழுதியிருந்தார். பல் டாக்டர் மட்டும் பொறுப்பான மனிதர். உள்ளே இருந்த எல்லோரையும், யார் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்பதோடு வரிசையாகப் பட்டியல் போட்டிருந்தார்.

"எண்ணு தம்பி."

"எட்டுப் பேர். எட்டு மாடி. எல்லாம் வேற வேற மாடி."

"முதல் கடுதாசி?"

"ஏழு பேர் திட்டினாங்க. ஒருத்தர் திட்டு வாங்கினார். எட்டு." என் குரல் எனக்கே புத்திசாலியின் குரலாகக் கேட்டது.

அண்ணி பொத்தான் பலகையைக் காட்டினார். நிதானம் ஏழு பொத்தான்களை அமுக்கினாள். பச்சை விளக்கு. ஒன்பது அமுக்கினாள். பச்சை. எட்டு அமுக்கினாள். பலகை ஒரு மாதிரி முனகிவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"ஏழுக்கு சரி, ஒன்பதுக்கு சரி, எட்டுக்கு மட்டும் என்ன ராகு காலம்?" என்றேன்.

நிதானம் திரையில் வரிகளை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது... இது நான் எழுதினதில்ல."

அவள் விளக்கினாள். பழைய முறையில் நீளம் ஒன்று என்று எழுதியதால், ஓர் இடம் வரிசையின் தலைப்போடு ஒட்டியே வந்துவிடும். அதனால் எட்டு வேண்டுமென்றால் ஒன்றைக் கழித்து ஏழு கேட்டால் போதும். புது முறையில் ஒட்டி வருவது எதுவும் இல்லை. எட்டு வேண்டுமென்றால் எட்டைத்தான் கேட்க வேண்டும். ஆனால் திரையில் இருந்த வரி இன்னமும் ஒன்றைக் கழித்துக் கொண்டிருந்தது.

"அப்படின்னா எப்பவுமே ஒரு இடம் குறையணுமே?" என்றார் அண்ணி.

"மெமரி ரெடிமேட் சட்டை மாதிரி அக்கா. குறிப்பிட்ட சைஸ்லதான் கிடைக்கும். மத்த எண்ணிக்கைக்கெல்லாம் சைஸ் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், கூட ஒருத்தர் இடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடலாம். எட்டுக்கு மட்டும், கழிச்சுக் கேட்ட ஏழு, சைஸுக்குக் கனகச்சிதமாப் பொருந்திடுது. எட்டாவது ஆள் பக்கத்து வீட்டுல போய் உட்கார்றான். பக்கத்து வீட்டுல இருக்கிறது, கதவை எங்க திறக்கணுங்கற தகவல்."

"உன் காவலாளி என்ன பண்ணினான்?" என்றேன்.

"எட்டுப் பேர்னு சீட்டு எழுதியிருக்கு. அவன் சீட்டைத்தான் பாப்பான். உள்ள ஏழு பேருக்குத்தான் இடம் வாங்கியிருக்குன்னு அவனுக்கு யார் சொன்னா?"

அவள் அந்த ஒன்றை அழித்துவிட்டு மறுபடி எட்டை அமுக்கினாள். பச்சை.

நான் கை தட்டினேன். அண்ணி தட்டவில்லை. "இந்த வரியை எழுதினது யாருன்னு பதிவு இருக்குமே?"

நிதானம் ஒரு விசையைத் தட்டினாள். வரிக்குப் பக்கத்தில் தேதி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குப் பக்கத்தில் அவளுடைய பெயர்.

"மூணு தடவை படிச்சுத்தான் கொடுத்தேன். கொடுத்ததுக்கு அப்புறம் படிக்கல." மறுபடி தேதியைப் பார்த்தாள். "நானே எழுதிட்டு மறந்துட்டேனோ அக்கா?"

காரணத்தைக் கண்டுபிடித்த பெருமையில் வந்தோம். அந்தக் காரணமே அவள் கழுத்துக்குக் கயிறாக நின்றது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாகக் கணினியே சாட்சி சொன்னது.

*

அண்ணி நேராகத் தலைமை எஞ்சினியரின் அறைக்குப் போய், கழித்தலோடு அந்த வரியை மட்டும் எழுதிய தாளை நீட்டினார்.

"சார், இந்த வரியில ஏதாவது தப்பு இருக்கா?"

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இதுவா? இது சரியாத்தான் இருக்கு. வேற எங்கயாவது தேடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் நான் பொருமினேன். "மணி ரெண்டே முக்கால். அந்தப் பொண்ணு பேர்லதான் பதிவு இருக்கு. பெரிய எஞ்சினியரே வரி சரிங்கறார். எனக்குக் கால் வலிக்குது. இந்தக் கம்பெனியில உட்காரவே கூடாதா?"

"என்ன சொன்னே?"

"கால் வலிக்குதுன்னேன்."

"அதுக்கு அப்புறம்?"

"உட்காரக் கூடாதான்னேன்."

அண்ணி நடையை நிறுத்திவிட்டார். பிறகு யாரிடமோ ஸ்டோர் எங்கே என்று கேட்டுக்கொண்டு கீழே இறங்கினார். எனக்கு நாற்காலி எடுத்துத் தரத்தான் போகிறார் என்று நம்பி நானும் பின்னாலேயே ஓடினேன். நம்பிக்கைதானே வாழ்க்கை.

ஸ்டோரைக் கவனிப்பவரை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றார்கள். இடுப்பில் சாவிக் கொத்து, கையில் பதிவேடு.

"காலையில அந்த அறைக்கு எத்தனை நாற்காலி அனுப்பினீங்க?"

"அஞ்சு பேர்னு சொன்னாங்க. நாலு அனுப்பினேன்."

"இது எந்த ஊர் கணக்கு?" என்றேன்.

ஸ்டோர் அக்கா கதவின் உட்பக்கத்தைக் காட்டினார். பழுத்துப்போன ஒரு தாள். சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தது: 'கூட்ட அறைக்கு: ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக.'

"படம் காட்டற மெஷின் பக்கத்துல ஒரு நாற்காலியைத் தரையோட சேர்த்து போல்ட் போட்டிருந்தாங்க, யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு. அது எப்பவும் அங்கயே இருக்கும். அதனால ஒண்ணு குறைச்சு எடுத்துட்டுப் போனாப் போதும். அப்புறம் தரைக்குப் புது ஓடு போட்டப்ப அந்த நாற்காலியைப் பிடுங்கிட்டாங்க."

"பிடுங்கினதுக்கு அப்புறம் நீங்க முழுசா எடுத்துட்டுப் போகலையா?"

"போனேனே! சார் எதிர்ல வந்தார். 'ஒண்ணு அதிகமா இருக்கு, மறந்துட்டியா'ன்னு அவர் கையாலயே ஒண்ணைத் தூக்கிட்டு வந்து இங்க போட்டுட்டுப் போனார். பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"இத்தனை நாளா யாரும் கேக்கலையா?"

"கூட்டம்னா எவனாவது ஒருத்தன் வராம இருப்பான். எல்லாரும் வந்த அன்னிக்கு, கடைசியா வந்தவன் தான் லேட்டா வந்ததாலதான் இடம் இல்லன்னு நினைச்சு நிப்பான்."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு வந்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு மட்டும் எதுவும் புரியவில்லை என்றும் அர்த்தம்.

"ஸ்டோர் அக்கா, நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும்" என்றார்.

*

மூன்றரை மணிக்கு மறுபடி அதே அறை, அதே ஐந்து பேர், அதே நான்கு நாற்காலிகள், அதே சுவர். நிதானம் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க சொன்னது சரின்னுதான் தோணுது" என்று ஆரம்பித்தார் அண்ணி.

நிதானத்தின் கை நின்றது. எனக்கே அண்ணியின் மேல் கோபம் வந்தது.

"ஆனா கட்டடத்துக்காரங்க ஆதாரம் கேப்பாங்க. இவங்க முன்னாடியும் கவனக்குறைவா இருந்திருக்காங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

"இல்லாம என்ன!" தலைமை எஞ்சினியர் எழுந்து ஓடினார். மூச்சு வாங்க ஒரு தடித்த கோப்போடு திரும்பினார். "நான் திரையில படிக்க மாட்டேன். எல்லாத்தையும் தாள்ல எடுத்துத்தான் படிப்பேன். பதினாலு வருஷத் தாளும் என்கிட்ட இருக்கு." விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதோ, அந்த வெள்ளிக்கிழமை. வரிசைக்கு இடம் கேக்கற வரி. ஒண்ணைக் கழிக்கவே மறந்துட்டா! நான் மட்டும் பாக்கலன்னா என்ன ஆகியிருக்கும்?"

நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அச்சில் இருந்த வரியில் கழித்தல் எதுவும் இல்லை. அதன் முடிவில் சிவப்புப் பென்சிலில் அழகான கையெழுத்தில் 'கழித்தல் ஒன்று'. ஓரத்தில் 'மறந்துவிட்டாள்!' என்று ஓர் ஆச்சரியக்குறி வேறு.

நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்திருக்கிறேன். கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கெட்ட நுணலை அன்றுதான் பார்த்தேன்.

"பார்த்துட்டு என்ன செஞ்சீங்க?" அண்ணியின் குரல் மிருதுவாக இருந்தது.

"திருத்தி உள்ள ஏத்தினேன்."

"யார் பேர்ல?"

"அவ பேர்லதான். என் திருத்தமெல்லாம் எழுதினவங்க பேர்லயேதான் போகும். சின்னவங்க மனசு நோகக் கூடாது பாருங்க. யார்கிட்டயும் சொல்லிக்கக் கூட மாட்டேன்."

முதலாளியம்மா நிமிர்ந்தார். நிதானம் அந்தத் தாளை ஒருமுறை படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்க முடியாமல் கண்ணாடி மங்கிவிட்டது.

"சார், என் கொழுந்தன் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கான். ஏன்னு தெரியுமா?" என்றார் அண்ணி.

அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் நான் அந்த அறையில் இருப்பதையே கவனித்தார் போலிருந்தது. "நாற்காலி இல்லையா? இங்கதான் ஒண்ணு எப்பவும்..."

கை நீட்டிய இடத்தில் நாற்காலி இல்லை. போல்ட் போட்ட அடையாளம் கூட இல்லாமல் புது ஓடு பளபளத்தது.

"ஒட்டி வர்ற நாற்காலியை எடுத்தாச்சு சார். அங்கயும் எடுத்தாச்சு" என்று அண்ணி தாளைக் காட்டினார். "ரெண்டு இடத்துலயும் நீங்க மட்டும் இன்னும் ஒண்ணைக் கழிச்சுக்கிட்டே இருக்கீங்க."

அவர் தரை ஓட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு கெட்டிக்காரர் என்பதால் முழுதும் புரிந்துகொண்டார். கெட்டிக்காரர்களுக்குப் புரியும்போது வலிக்கவும் செய்யும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீ மறந்துட்டேன்னு எழுதியிருக்கேன் பாரும்மா" என்றார் நிதானத்திடம். "நீ எதையும் மறக்கல. மறக்க வேண்டியதை மறக்காம இருந்தவன் நான்."

பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். தான் எழுதிய கழித்தலை அடித்தார். பக்கத்தில், பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக, ஒரு திருத்தத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

"நாலு மணிக்கு அவங்க பேர் கேட்டா இதைச் சொல்லு" என்று மனைவியிடம் தாளைக் கொடுத்தார்.

முதலாளியம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. "சொல்லத்தான் போறேன். நீங்களும் பக்கத்துல உட்காருங்க" என்றார்.

கதவு திறந்தது. அண்ணி கேட்டுக்கொண்டபடி ஸ்டோர் அக்கா ஒரு நாற்காலியோடு வந்து, போட்டுவிட்டுப் போனார். உலகத்திலேயே அழகான நாற்காலி. ஒரு கால் மட்டும் குட்டை. ராஜினாமாக் கடிதத்தை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. யாரும் தடுக்கவில்லை.

ஆனந்தம் அரை நிமிஷம்தான். கட்டடத்துக்காரர்கள் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். பல் டாக்டரும் ஒருவர். வழக்கம்போல நான்தான் எழுந்தேன்.

"நீங்க உட்காருங்க தம்பி" என்றார் தலைமை எஞ்சினியர். அவரே படி இறங்கிப் போய், அவரே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். போட்டு முடித்துவிட்டு வாசலில் நின்று, சின்னப் பிள்ளை போல விரலை நீட்டி எங்களையும் தன்னையும் எண்ணினார். உதடு அசைந்தது. எட்டு வரை வந்து தயங்கினார். பிறகு நிதானத்தின் பக்கம் திரும்பினார்.

"நீ ஒரு தடவை பாத்துடும்மா."

அவள் எங்களை எண்ணினாள், நாற்காலிகளை எண்ணினாள். மூன்று முறை. வந்தவர்கள் எதற்கென்று புரியாமல் விழித்தார்கள்.

"சரியா இருக்கு சார்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.